இலை போடாத குளம்

ஹோங் ஙூவில் வெள்ளம் வடிந்த மறுவாரம்
தீவன வண்டியோடு கியெத் வந்தான்.
"ஆறாமக்கா, ஒரு குளத்துக்கு மட்டும் போடு.
பக்கத்துக் குளத்துக்குப் போடாதே.
அப்போதுதான் தெரியும்."

மூட்டைக்குள் கீழாநெல்லி.
காய்ந்து, இடிபட்டு, சலிக்கப்பட்டு,
பச்சை போய்ப் பாசி நிறமான தூள்.
ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்.
அந்தக் கசப்பு எனக்குப் பழக்கம்.

எங்கள் பேச்சில் அது நாய் ஈன்ற செடி:
குட்டி போட்ட நாய் தேடிப்போய் மெல்லுமாம்.
மருந்துக்கடைக்காரர் மட்டும்
இலைக்கடி முத்து என்பார்.
அப்படிச் சொன்னால் விலை ஏறும்.

இதையேதான் வேரோடு பிடுங்கிப்
பதினான்கு மாதம் கொதிக்க வைத்தேன் வியெனுக்கு.
ஈரல் என்றார்கள் மருத்துவமனையில்.
மாத்திரையும் விழுங்கினான், என் கஷாயத்தையும் குடித்தான்.
கண்ணின் மஞ்சள் ஒரு மாதம் தணிந்தது,
மறு மாதம் ஏறியது.
எது தணித்தது, எது ஏற்றியது,
யாரைக் கேட்பது?

போன வருடம் எங்கள் மீன்
கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.
சதையில் ஆன்டிபயாடிக் எச்சம்,
கிலோவுக்கு ஒரு கடுகின் ஆயிரத்தில் ஒரு துண்டு.
இருபத்தைந்து டன்னைத் திருப்ப அது போதும்.
வங்கிக்காரர் வந்து
தேநீரை மட்டும் குடித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

ஆகவே இரண்டாம் குளத்துக்கு இலை,
மூன்றாம் குளத்துக்கு வெறும் தீவனம்.
மீன் எண்ணெய் தெளித்துப் பிசறி
நிழலில் உலர்த்தி, காலை ஆறுக்கு இறைத்தேன்.
கெளுத்திகள் வந்தன, வாயில் வாங்கின,
துப்பின.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வியெனும் முதல் மடக்கை அப்படித்தான்
வாழை மூட்டில் துப்பினான்.
நான்காம் நாள் தண்ணீர் கொதித்தது.
பசி வந்தால் பறக்கிற பத்தோடு
கசப்பும் பறந்து போயிற்று.

டிசம்பரில் இரவுக்காற்று குளிர்ந்தது.
நோய் எப்போதும் அந்தக் காற்றோடுதான் வரும்.
மிதந்தவற்றை எண்ணி நோட்டில் எழுதினேன்:
இரண்டில் நாற்பத்தொன்று,
மூன்றில் நூற்றுப் பன்னிரண்டு.
கியெத் தொடையைத் தட்டிக்கொண்டான்.
மறுவாரம் இரண்டில் தொண்ணூறு,
மூன்றில் எண்பத்தெட்டு.
அன்று தட்டவில்லை.

குளத்துக்குப் பத்து மீனாய்ப் பிடித்து அறுத்தோம்.
தாமரை இலைமேல் ஈரல்களை வரிசை வைத்தோம்.
மூன்றாம் குளத்து ஈரல்கள் எல்லாவற்றிலும்
நொய் சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளி.
இரண்டாம் குளத்தில்
மூன்றில் இருந்தது, ஏழில் இல்லை.
அந்த ஏழும் அடர் சிவப்பு,
ஒருவனுக்குள் இருந்திருக்க வேண்டிய சிவப்பு.

"எடையும் முப்பது கிராம் கூட.
வேலை செய்கிறதக்கா, பாரேன்!"
போனைத் தூக்கிப் படம் எடுத்தான் கியெத்.
பார்த்தேன்.
என் கண் மூன்றாம் குளத்தை விட்டு நகரவில்லை.
இலையும் கிடைக்காமல், ஏனென்றும் கேட்காமல்,
பக்கத்துக் குளத்துக்குச் சாட்சி சொல்லவென்றே
நோயில் கிடந்தது அது.

வியென் ஒருவன்தான் இருந்தான்.
கஷாயம் குடிக்காத இன்னொரு வியெனைப்
பக்கத்துக் கட்டிலில் கிடத்தி
நோட்டில் எண்ணி எழுத முடியவில்லை.
இருந்திருந்தால்
எந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பேன்?

சாயங்காலம் மீதி மூட்டையை அவிழ்த்தேன்.
"கணக்கு கெட்டுப் போகும் ஆறாமக்கா!
இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது!"
படகுத்துறைவரை கேட்கும்படி கத்தினான்.
கெடட்டும்.
முழங்கைவரை எண்ணெயும் தூளுமாய்ப்
பிசறிக்கொண்டிருந்தேன்.

காலையில் மூன்றாம் குளத்தில் இறைத்தேன்.
வந்தன.
வாயில் வாங்கின.
துப்பின.